சோலாருக்கு முன்னால் மீற்றரைப் பார்ப்போம்

உறவுகளுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடக் கூரையில் சோலார் போடலாம் என்று ரொறன்ரோ அண்ணை இந்தக் குழுவில் எழுதியதையும், சுவிஸ் தம்பி உடனே காசு தருகிறேன் என்றதையும், லண்டன்காரர் ஏசி வகுப்பறை கேட்டதையும் வாசித்தேன். நல்ல காரியம். அதற்கு முன் கொழும்பில் என் மகளின் பள்ளிக்கூடத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதமும் ஏறிய பிறகு பெற்றோர் கூட்டமென்றாலே கரண்ட் பில் கதைதான். ஒருநாள் ஒரு தாய், "வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் மீற்றரைக் குறித்து வைப்போம், திங்கள் காலை மணியடிக்க முன் திரும்பப் பார்ப்போம்" என்றார். பார்த்தோம். ஒரு பிள்ளையும் வராத நாட்களில் மீற்றர் ஓடிய ஓட்டத்தில் அதிபருக்கே பேச்சு வரவில்லை. தேடிப் போனால், தண்ணீர்க் கூலர், நாலு சோடாப் போத்தலுக்காக ஓடிய கன்ரீன் பிரிஜ், அணைக்காத கணினிகள். எல்லாவற்றையும் விடப் பெரிய கள்ளன் தண்ணீர் மோட்டார். கழிப்பறைக் குழாயொன்று ஒழுக ஒழுக, அது இரவிரவாக விட்டுவிட்டுத் தொட்டியை நிரப்பியிருக்கிறது. ஒரு வாஷர் போட வேண்டிய வேலை!

பிறகு வகுப்பறைக்கு வந்தோம். 36 வாட் என்று எழுதியிருக்கும் பழைய ரியூப் லைற், அதோடு பூட்டியிருக்கும் சோக் என்ற கருவியையும் சேர்த்து 45 வாட் அளவில் இழுக்கும். அப்படி ஆறு, 75 வாட் ஃபேன் நாலு, மொத்தம் 570 வாட். ஏழரையிலிருந்து ஒன்றரை வரை ஓடினால் ஒரு வகுப்புக்கு ஒரு நாளில் 3.4 யூனிற். 18 வாட் எல்ஈடி, குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்று மாற்றினால் 1.4 யூனிற்றோடு முடியும். யன்னலோர லைற்றுக்கும் உள்பக்க லைற்றுக்கும் ஒரே சுவிட்ச்தான் இருந்தது. வெளிச்சம் வரும் யன்னலோரத்தை மட்டும் அணைத்து வைக்க அதையும் பிரித்துவிட்டோம்.

சோலாருக்கு நான் எதிரியல்ல. வெயில் எரிக்கும் நேரத்தில்தானே பள்ளியும் நடக்கிறது. ஆனால் பற்றரி இல்லாத சோலார், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் உயிருக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். 2022 இல் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது பலருக்கு அது அப்போதுதான் விளங்கியது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பாவனை குறைவென்று கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. பள்ளிக்கூடமும் பூட்டிக் கிடக்கும் காலம் அது. பாவனையைக் குறைத்துவிட்டால் சின்னச் சோலாரே போதும். எங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய அஸ்பெஸ்ரஸ் கூரையில் ஏறி நிற்கவே பயம்.

லண்டன்காரர் சொன்ன ஏசி வகுப்பறையை மட்டும் தயவுசெய்து விடுங்கள். திறப்பு விழாவுக்கு ஆள் வரும், பில் கட்ட யார் வருவார்?

ஊரில் இருப்பவர்கள் யாராவது வருகிற வெள்ளி பின்னேரமும் திங்கள் காலையும் பள்ளி மீற்றரைப் படமெடுத்து இங்கே போடுங்கள். எத்தனை சோலார் தகடு என்பதை அதைப் பார்த்துப் பேசுவோம். வாஷர் காசு என் கணக்கில்.

வெள்ளவத்தையிலிருந்து