‘கெட் ஸ்மார்ட்’: தொடரின் மேக்ஸ், திரைப்படத்தின் மேக்ஸ்

கேள்வி:
பீட்டர் சீகல் இயக்கி 2008-இல் வெளிவந்த ‘கெட் ஸ்மார்ட்’ திரைப்படத்தைப் பார்த்த பிறகு, அதற்கு மூலமான தொலைக்காட்சித் தொடரை இப்போது பார்த்து வருகிறேன். கண்ட்ரோல் என்ற உளவு அமைப்பு, அதன் எதிரியான கேயாஸ், ஷூவுக்குள் தொலைபேசி என எல்லாம் அப்படியே இருந்தும், நாயகனான உளவாளி மேக்ஸ்வெல் ஸ்மார்ட் மட்டும் வேறு ஆளாகத் தெரிகிறார். படத்தில் ஸ்டீவ் கரெல் நடித்த மேக்ஸ் மீது பரிவு தோன்றுகிறது. தொடரில் டான் ஆடம்ஸ் நடித்த மேக்ஸிடம் அப்படித் தோன்றவில்லை. இந்த மாற்றத்தை ஏன் செய்தார்கள்?

மறுமொழி 1:
அந்த வேறுபாடு திரைக்கதையிலேயே இருக்கிறது. திரைப்படத்தில் மேக்ஸ் திறமையான பகுப்பாய்வாளர். ஒட்டுக்கேட்ட உரையாடல்களிலிருந்து எதிரிகளின் சின்னஞ்சிறு பழக்கங்களைக்கூடக் கண்டறிந்து நீண்ட அறிக்கை எழுதுபவர். களப்பணித் தேர்வில் தேறிய பின்னும், அலுவலகத்தில் அவர் இல்லாமல் முடியாது என்பதாலேயே தலைவர் பதவி உயர்வை மறுக்கிறார். ஆகவே அவருடைய தடுமாற்றங்கள் அனுபவமின்மையால் வருபவை. தொடரின் மேக்ஸோ ஏற்கெனவே களத்தில் இருப்பவர். தம்மைவிடச் சிறந்த உளவாளி இல்லை என்று உறுதியாக நம்புபவர். அரை மணி நேர நிகழ்ச்சியை அந்த அசையாத தன்னம்பிக்கை தாங்கும். ஏறத்தாழ இரண்டு மணி நேரப் படத்துக்கு, வளர்ந்து மாறும் நாயகன் தேவை என்று எண்ணியிருப்பார்கள் என்பது என் கருத்து.

மறுமொழி 2:
விளக்கத்தை ஏற்கிறேன், ஆனால் அதனால் இழந்தது பெரிது. 1965-இல் மெல் புரூக்ஸும் பக் ஹென்றியும் இத்தொடரை உருவாக்கியபோது, ஜேம்ஸ் பாண்ட் மோகம் உச்சத்தில் இருந்தது. தவறே செய்யாத அந்த வீரனின் மிடுக்கை, தவறு மட்டுமே செய்யும் ஒருவனுக்குக் கொடுத்ததில்தான் அவர்களுடைய நையாண்டி இருந்தது. கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட முதல் பகுதியிலேயே வரும் ‘மௌனக் கூண்டு’ காட்சியைக் கவனியுங்கள். இரகசியம் வெளியே கசியாதிருக்க, தலைவரின் மேசைக்கு மேலிருந்து கண்ணாடி போன்ற கவிகை இறங்குகிறது. உள்ளே அமர்ந்த இருவருக்கும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்பதில்லை. அது பயன்படாது என்று தலைவருக்குத் தெரியும். இருந்தாலும் விதிமுறை விதிமுறைதான் என்று மேக்ஸ் பிடிவாதம் பிடிக்கிறார். தன்னைப் பற்றி ஐயமே கொள்ளாத மேக்ஸ் இருந்தால்தான் அக்காட்சி முழுமையாக எடுபடும். டான் ஆடம்ஸ் இந்த வேடத்துக்காக மூன்று முறை எம்மி விருது பெற்றது இதனால்தான் என்பேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. டான் ஆடம்ஸே இந்த வேடத்தில் திரைப்படம் எதிலாவது நடித்திருக்கிறாரா?

மறுமொழி 3:
நடித்திருக்கிறார். 1980-இல் வெளிவந்த ‘த நியூட் பாம்’ படத்தில் அவரே மேக்ஸ். ஆனால் 99 என்ற எண்ணால் மட்டுமே அழைக்கப்படும் பெண் உளவாளியாகத் தொடரில் வந்த பார்பரா ஃபெல்டன் அதில் இல்லை. மேக்ஸ் சொதப்பும்போதெல்லாம் காரியத்தைச் சத்தமின்றி முடித்துவிட்டு, பெருமையை அவரிடமே விட்டுவிடும் 99 இல்லாமல் அந்தப் பாத்திரம் பாதியாகிவிடுகிறது. 2008-ஆம் ஆண்டுப் படம் ஆன் ஹாத்வேயின் 99-க்குச் சம பங்கு கொடுத்ததை அதன் முதன்மையான நல்ல முடிவாகக் கருதுகிறேன். பழைய இணையை மீண்டும் காண விரும்பினால், 1989-இல் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட ‘கெட் ஸ்மார்ட், அகெய்ன்!’ படத்தைப் பாருங்கள். இருவரும் அதில் சேர்ந்தே வருகிறார்கள்.