ஒரு ராத்திரிப் புல்: டென்ட் பயணம் உண்மையிலேயே பூமிக்கு நல்லதா?

மண்புழு:
நேற்று சுமைதாங்கி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "இருக்கிற பயணங்களிலேயே இயற்கைக்குக் கெடுதல் செய்யாதது டென்ட் போட்டுத் தங்குவதுதான். ஒரு ராத்திரி படுத்து எழுந்து போனால் காலையில் புல் நிமிர்ந்துவிடும், வந்த சுவடே தெரியாது" என்று அடித்து விட்டிருக்கிறார். கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு.

புல் நிமிராது ஐயா. முகாம் இடங்களை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், குறிப்பாக அமெரிக்காவின் டேவிட் கோல், பல பத்தாண்டுகளாக ஒரே விஷயத்தைத்தான் சொல்லி வருகிறார்கள். யாரும் தங்காத இடத்தில் முதல் சில இரவுகளிலேயே சேதத்தின் பெரும்பகுதி நடந்து முடிந்துவிடும். அதே இடத்தில் நூறாவதாகப் படுப்பவரால் கூடுகிற சேதம் கொஞ்சம்தான். ஆகவே "நான் ஒருத்தன், ஒரே ராத்திரி" என்பவர்தான் முதல் குற்றவாளி.

சுமைதாங்கி:
வணக்கம் மண்புழு. பதினெட்டு வருடமாக முதுகில் மூட்டை சுமந்து நடக்கிறவன் நான். நீங்கள் எத்தனை இரவு வெளியே படுத்திருக்கிறீர்கள்? நான் படுத்து எழுந்த இடத்தைக் காட்டச் சொன்னால் எனக்கே அடையாளம் தெரியாது. அதுதான் என் சாட்சி.

மண்புழு:
திருடிய வீடு எதுவென்று திருடனுக்கே மறந்துவிட்டதாம், அதனால் திருட்டே நடக்கவில்லையாம். ஒரு இடத்துக்காவது ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தீர்களா? புல் நிமிர்ந்ததா இல்லையா?

நிழல்தேடி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "கெடுதல் இல்லாத" என்றால் எதோடு ஒப்பிட்டு? வீட்டிலேயே இருப்பதோடா, ஓட்டல் அறையோடா? அளவுகோல் கரிப்புகையா, மண்ணா, குப்பையா? அதை முதலில் பேசிக்கொண்டால் நல்லது என்று தோன்றுகிறது.

சுமைதாங்கி:
திரும்பிப் போயிருக்கிறேன். புல் இருந்தது. பச்சையாக இருந்தது. போதுமா?

மண்புழு:
போதாது. அதே புல்லா, வேறு புல்லா? மிதிபட்ட இடத்தில் பழைய செடி போய் முரட்டுச் செடி வந்து உட்கார்ந்துகொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைதான். நிழலில் அகலமான இலையோடு வளர்கிற மென்மையான செடிகள் ஒரு ராத்திரிக் கால் மிதிப்பிலேயே உடைந்துவிடும். மண் வேறு இறுகும். இறுகினால் மண்ணுக்குள் இருக்கிற காற்றுத் துளைகள் அடைபடும், மழைநீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடும், போகிற போக்கில் மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். இதெல்லாம் "சுவடே தெரியாது" கணக்கில் வருமா?

சுமைதாங்கி:
ஆகா. "அகலமான இலைச் செடி" என்கிறீர்கள். நான் சொன்னது புல். நீங்கள் தூக்கிப்பிடிக்கிற அதே டேவிட் கோல், மிதிபடுவதைத் தாங்குவதில் புல் இனங்கள் கெட்டியானவை என்று எழுதவில்லையா? காட்டுச் செடியைத்தானே மென்மை என்றார்? புல் நிமிரும். உங்கள் ஆள்தான் சொல்கிறார்.

மண்புழு:
"தாங்கும்" என்பது வேறு, "காலையில் நிமிரும்" என்பது வேறு. நீங்கள் எழுதியது "காலையில்". இப்போது மெதுவாக மாற்றாதீர்கள்.

கணக்கன்:
ஐயாக்களே, புல்லை விட்டுவிட்டுக் கொஞ்சம் வண்டியைப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. சமைக்க எடுத்துப்போகும் 230 கிராம் கேஸ் டப்பா ஒன்றை முழுக்கத் தீர்த்தாலும் 0.7 கிலோதான் வரும். அதாவது முழு டப்பாவும் முந்நூறு மில்லி பெட்ரோலுக்குச் சமம். முகாம் போடும் இடத்துக்கு இருநூறு கிலோமீட்டர் தனியாகக் கார் ஓட்டிப் போய்விட்டு "நான் விறகு எரிக்கவில்லை, கேஸ்தான்" என்று பெருமை பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

சுமைதாங்கி:
நான் பேருந்தில்தான் போவேன். என்னைச் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

கணக்கன்:
அன்றைக்கு அடுப்புப் பேச்சு வந்தபோது "கார் டிக்கியில் எப்போதும் இரண்டு டப்பா இருக்கும்" என்று எழுதியவர் யார்?

சுமைதாங்கி:
அது நண்பருடைய கார். அந்த அடுப்புச் சண்டையை இன்னும் நெஞ்சில் வைத்திருக்கிறீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. அடுப்பைச் சுற்றிக் காற்றைத் தடுக்கிற காற்றடைப்பான் போட்டால் எரிபொருள் மிச்சமாகும் என்று நான் சொன்னது சரிதான் என்று அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது.

கணக்கன்:
நிரூபணமாகவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

அரைத்தூக்கம்:
புல்லையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாமே. "நீ நிமிர்ந்தாயா?"

மண்புழு:
சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். டென்ட்டையே பாருங்கள். நைலான், பாலியஸ்டர், எல்லாம் பெட்ரோலியம். நைலான் 6,6 என்கிற வகையைச் செய்யத் தேவைப்படும் அடிபிக் அமிலம் தயாராகும்போது நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறும். கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு சூடேற்றுகிற வாயு அது. ஆலையில் அதைப் பிடித்து அழிக்கலாம், ஆனால் எல்லா ஆலையும் செய்வதில்லை. தண்ணீர் ஒட்டாமல் உருள வேண்டும் என்று மேலே பூசிய ரசாயனங்களில் பல, மண்ணில் மக்கவே மக்காதவை. அவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஏ, மக்காத நச்சு ரசாயனங்களைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப்பட்டியலில் 2019-இல் ஏறியது. இந்தப் பொட்டலத்தை விரித்து அதற்குள் படுத்துக்கொண்டு "இயற்கையோடு இயற்கையாக" என்று படம் போடுகிறோம்.

சுமைதாங்கி:
என் டென்ட் பன்னிரண்டு வருடப் பழசு. உள்பூச்சு பிசுபிசுத்தபோது தூக்கிப் போடவில்லை, சுரண்டிக் கழுவி மறுபடி பூசினேன். கம்பி உடைந்தது, குழாய் மாட்டிச் சரிசெய்தேன். ஒரு டென்ட்டைப் பன்னிரண்டு வருடம் ஓட்டுகிறவனையும், வருடத்துக்கு ஒன்று வாங்குகிறவனையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். ஓட்டல் அறையில் தினமும் துவைக்கிற போர்வை, இரவெல்லாம் ஓடுகிற ஏசி, அதெல்லாம் எந்தக் கணக்கில்?

மண்புழு:
ஓட்டலை யார் புகழ்ந்தார்கள்? நான் கேட்டது புல்.

கணக்கன்:
பன்னிரண்டு வருடம் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்? பிரிட்டன் இசை விழாக்களில் மட்டும் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டென்ட்டுகள் அப்படியே கைவிடப்படுவதாக அங்குள்ள விழா நடத்துகிறவர்களின் சங்கமே 2019-இல் மதிப்பிட்டது.

சுமைதாங்கி:
பாட்டுக் கேட்கப் போகிறவன் டென்ட்டை விட்டுவிட்டு வந்தால் மலை ஏறுகிறவன் பதில் சொல்ல வேண்டுமா? நல்ல நியாயம்.

ஒற்றைக்கம்பி:
நான் புதியவன். அடுத்த மாதம் முதல்முறையாகப் போகிறேன். எங்கே போடுவது நல்லது என்று யாராவது சொல்லுங்களேன்.

மண்புழு:
ஏற்கனவே எல்லாரும் தங்கித் தங்கித் தேய்ந்துபோன இடம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே போடுங்கள். கெட்டது கெட்டதாக இருக்கட்டும், புதிதாக ஒன்றைக் கெடுக்க வேண்டாம். பாறை, சரளை, மணல் இருந்தால் இன்னும் நல்லது. ஓடை, குளத்திலிருந்து அறுபது மீட்டர் தள்ளி இருங்கள். கழிவுக்கு அதே அறுபது மீட்டர் தள்ளி, பதினைந்திலிருந்து இருபது சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடுங்கள். பல் துலக்கிய நீரையும் ஓடையில் துப்பாதீர்கள். தரையில் தீ மூட்டாதீர்கள், அடியில் உள்ள மண் வெந்துபோகும். காய்ந்து விழுந்த கட்டை "சும்மா கிடக்கிறது" என்று சிலர் நினைக்கிறார்கள். பூச்சிக்கும் காளானுக்கும் அதுதான் வீடு. கண்ணுக்கு அழகான பச்சைப் புல்வெளியைப் பார்த்ததும் சிலருக்குப் படுக்கத் தோன்றும். பெயர் சொல்ல விரும்பவில்லை.

சுமைதாங்கி:
பெயர் சொல்லலாம், பயமில்லை. யாரும் தொடாத இடமாக இருந்தால் என்ன செய்யச் சொல்கிறார்கள்? பரந்து போய்த் தங்கு, ஒரே இடத்தில் இரண்டாவது இரவு படுக்காதே என்கிறார்கள். வெளியே தங்குகிறவர்களுக்கு வழிமுறை சொல்கிற "தடம் விடாதே" (Leave No Trace) கொள்கைக்காரர்களே சொல்வது அதுதான். நான் எழுதியதும் அதுதான், ஒரு ராத்திரி.

மண்புழு:
அவர்கள் "கெட்டியான தரையில்" என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அந்தப் பாதியை விழுங்கிவிட்டீர்கள்.

சுமைதாங்கி:
புல்லும் கெட்டியான தரைதான். காய்ந்த புல்லை அவர்கள் பட்டியலிலேயே பாருங்கள்.

மண்புழு:
காய்ந்த புல்! நேற்று எழுதியதில் "காய்ந்த" என்ற சொல் எங்கே இருக்கிறது? காய்ந்த புல் எப்படி ஐயா காலையில் நிமிரும்?

நிழல்தேடி:
நான் கேட்ட கேள்வி மேலே அப்படியே இருக்கிறது.

அரைத்தூக்கம்:
இருக்கட்டும் விடுங்கள், யாரும் மிதிக்கவில்லை. பச்சையாகவே இருக்கும்.

சுமைதாங்கி:
சரி, இந்த வாரக் கடைசியில் போகிறேன். படுக்கும் முன் ஒரு படம், காலையில் ஒரு படம். அப்போது பார்க்கலாம்.

மண்புழு:
ஆறு மாதம் கழித்து மூன்றாவது படம். இல்லாவிட்டால் வேண்டாம். அதோடு பேருந்துச் சீட்டையும் சேர்த்துப் போடுங்கள், கணக்கன் காத்திருக்கிறார்.

கணக்கன்:
நான் காத்திருக்கவில்லை. காற்றடைப்பான் விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, இரவு வந்து விரிவாக எழுதுகிறேன்.