புதுப்பிப்பு: நீல விளக்கு அணைந்துவிட்டது

மன்னார்குடி பக்கம் எங்கள் தொலைத்தொடர்பு அறையில், புதிதாகச் செருகிய ஏடிசிஏ கார்டு (தொலைத்தொடர்புக் கருவிச் சட்டகத்தில் செருகும் மின்னணுப் பலகை) உயிர் பெறவே இல்லை, நீல விளக்கும் அணையவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

கார்டில் கோளாறே இல்லை. வெளியே இழுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், கீழ்க் கைப்பிடி மடங்கும் இடுக்கில் ஒரு வைக்கோல் துணுக்கு! சம்பா அறுவடை நேரம், ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தோம். கைப்பிடி மூடியது போலத்தான் தெரிந்தது, ஆனால் உள்ளே இருக்கும் சின்ன சுவிட்ச் அழுந்தவில்லை. அது அழுந்தினால்தான் ஷெல்ஃப் மேனேஜர் (சட்டகம் முழுவதையும் மேற்பார்க்கும் கட்டுப்பாட்டுப் பகுதி) கார்டை இயக்க அனுமதி தரும். நீல விளக்கு நிலையாக எரிந்தால் ‘என்னைக் கழற்றலாம்’ என்று பொருள்; இயங்கத் தொடங்கியதும் அணைந்துவிடும். துணுக்கை எடுத்து மூடினேன். விளக்கு கொஞ்ச நேரம் சிமிட்டி அணைந்தது. மற்ற கார்டுகள் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

ஏடிசிஏ என்பது 2002 கடைசியில் வந்த தொழில்நுட்பத் தரநிலை. மைனஸ் 48 வோல்ட் மின்சாரம் ஓடும்போதே கார்டைக் கழற்றி மாட்ட வேண்டும் என்பதற்காக இணைப்பு ஊசிகளின் நீளத்தைக்கூட யோசித்து வைத்திருக்கிறார்கள்: தரை இணைப்பு முதலில் தொடும், இயக்க அனுமதிக்கும் ஊசி கடைசியில். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு.

அப்புறம், ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று.