1968 கார்மன் கியா: 32 லட்சத்துக்கு வாங்கலாமா?

காவிரிக்கரையான்:
கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் 1968 ஃபோக்ஸ்வேகன் கார்மன் கியா கூபே விற்பனைக்கு வந்திருக்கிறது. 'முழுக்கப் புதுப்பித்தது, 1600 சிசி எஞ்சின், ஷோரூம் கண்டிஷன், 32 லட்சம்' என்று விளம்பரம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். அழகுக்குக் குறையில்லை. ஆனால் இந்த விலைக்கு வாங்கக் கூடாது என்பேன். அந்த வருஷத்துக் கார் 1500 எஞ்சினோடு வந்தது. சீட், டேஷ்போர்டு, உள்கூரைத் துணி எல்லாமே புதுசு. உடம்பு முழுக்க மணல்வீச்சு செய்து சுரண்டியிருக்கிறார்கள். பழைய காரில் மிச்சம் இருப்பது உருவம் மட்டும்தான்.

மன்னை ஒர்க்‌ஷாப்:
அண்ணே, வேலை பார்த்தது நானில்லை, அதனால் பரிந்து பேசுவதாக நினைக்காதீர்கள். அந்தக் காரை மாட்டுக்கொட்டகையில் கிடந்தபோது பார்த்திருக்கிறேன். டிரைவர் சீட்டுக்கு அடியில் தகடே இல்லை, மண் தெரிந்தது. பேட்டரி வைக்கும் தட்டு சல்லடை. கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரு பெட்டிக்குழல் ஓடும். எஞ்சின் சூட்டை முன்னால் கொண்டுவருவதும் அதுதான், உடம்பைத் தாங்குவதும் அதுதான். அது இற்றுப்போய்க் கதவு தொங்கிவிட்டது. வெட்டி எடுக்காமல் 'ஒரிஜினல்' என்று விட்டிருந்தால் இன்றைக்குக் காயலான் கடையில் எடை போட்டிருப்பார்கள்.

காவிரிக்கரையான்:
வெட்டியது தப்பென்று சொல்லவில்லை தம்பி. எவ்வளவு வெட்டினார்கள், அங்கே என்ன வைத்தார்கள்? ஃபோக்ஸ்வேகனின் பீட்டில் காரில் போல்ட்டைக் கழற்றினால் மட்கார்டு கையோடு வந்துவிடும். கார்மன் கியா அப்படியில்லை. இத்தாலியில் கியா (Ghia) என்ற கார் வடிவமைப்பு நிறுவனம் கொடுத்த உருவத்தை ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக்கில் கார்மன் என்ற பாடி கட்டும் நிறுவனத்து ஆட்கள் தகடு தகடாகப் பற்றவைத்து, இணைப்பு தெரியாமல் ஈயம் உருக்கி நிரப்பி, கையால் அராவி முடித்தார்கள். 1955-இலிருந்து 1974 வரை வந்த கார் இது. மூக்கில் இடி வாங்கினால் தட்டி எடுப்பது பெரும்பாடு, அதனால் பட்டி அப்பி மூடிவிடுவார்கள்.

நான் துணி சுற்றிய காந்தத்தோடு போனேன். கூரையில் சட்டென்று ஒட்டியது. கதவிலும் ஒட்டியது. இடது ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில், காற்று போகிற அந்த வாயை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்குப் பிடிக்கவே இல்லை, வழுக்கிக் கையில் விழுந்தது. 'அது ஈயமாக இருக்கும்' என்றார் வீட்டுக்காரர்.

கோயில் திருப்பணியில் மணல்வீச்சு செய்து கல்வெட்டு எழுத்து மழுங்கிப்போனதைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். அதே மணலை இதன்மேல் அடித்துவிட்டு 'புதுசு மாதிரி' என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

மன்னை ஒர்க்‌ஷாப்:
கல் துருப்பிடிக்காது அண்ணே, தகடு பிடிக்கும். துருவை அடியோடு எடுக்காமல் பெயின்ட் அடித்தால் அடுத்த ஐப்பசி மழைக்கே கொப்புளம் கிளம்பும். காந்த விஷயத்தில் வீட்டுக்காரர் சொல்வதற்கும் இடமிருக்கிறது, ஈயத்திலும் காந்தம் ஒட்டாது. ஆனால் கம்பெனி ஈயம் இணைப்புக் கோட்டோடுதான் போகும், உள்ளங்கை அகலத்துக்கு இருக்காது. முன்சக்கரத்தைக் கழற்றி உள்பக்கம் கைவிட்டுத் தடவினால் நெளிவு அப்படியே இருக்கிறதா, தட்டி எடுத்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

1600-ஐ ஏன் குறை சொல்கிறீர்கள் என்றுதான் புரியவில்லை. அதே குடும்பத்து எஞ்சின், அதே இடத்தில் உட்காரும். ரேடியேட்டர் இல்லாத வண்டி, காற்றும் ஆயிலும்தான் அதைக் காப்பாற்ற வேண்டும். எஞ்சினைச் சுற்றியிருக்கும் தகடும், ஓரத்து ரப்பர் பட்டையும் இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் இல்லையென்றால் கீழேயிருக்கிற வெந்த காற்று மேலே ஏறி, விசிறி அதையே திரும்ப இழுக்கும். தஞ்சாவூர் சித்திரை வெயிலில் எஞ்சின் போவது அதனால்தான்.

நாகை பியட்:
கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் பழைய பியட் வைத்திருக்கிறேன். மூன்று வருஷத்தில் கதவடி அரித்துவிட்டது. டெல்டாவில் வண்டியைத் தொடாமல் வைத்துக் காப்பாற்ற முடியாது. என் ஓட்டு மன்னைத் தம்பிக்கு.

திருவாரூர் ஆர்சி:
எஞ்சின் மாற்றியது ரசனை விவகாரம் மட்டுமில்லை. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ், அதாவது பழங்கால வண்டி, என்று பதியலாம். 10 வருஷத்துக்கு 20,000 ரூபாய். ஆனால் சேசிஸ் (அடிச்சட்டம்), உடல், எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பதிந்தாலும் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. ஞாயிறுதோறும் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போகலாம் என்று கணக்குப் போடுகிறவர் யோசிக்க வேண்டும். முதலில் ஆர்சி புக்கில் எந்த எஞ்சின் நம்பர் இருக்கிறது? 1500-இன் நம்பரே இன்னும் இருந்தால் பேர் மாற்றும்போது மாட்டிக்கொள்வது வாங்கியவர்தான்.

மன்னை ஒர்க்‌ஷாப்:
இது நியாயமான பேச்சு. நான் இதை யோசிக்கவில்லை. பழைய 1500 எஞ்சினைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இருந்தால் அதையும் வண்டியோடு வாங்கிவிட வேண்டும்.

காவிரிக்கரையான்:
இப்போதுதான் வீட்டுக்காரரிடம் பேசினேன். பழைய எஞ்சின் நெல் குதிருக்குப் பின்னால் சாக்கு போர்த்திக் கிடக்கிறதாம். டிங்கரிங் நடந்தபோது எடுத்த போட்டோக்களும் இருக்கிறதாம். ஆர்சி புக்கோடு சனிக்கிழமை காட்டுகிறேன் என்றார். போட்டோவில் மூக்கைப் பார்க்காமல் நான் 22 லட்சத்துக்கு மேல் ஏற மாட்டேன். தம்பி, வர முடியுமா?

மன்னை ஒர்க்‌ஷாப்:
காலை ஏழு மணிக்கு ஜாக்கியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வருகிறேன். பின்சீட்டைத் தூக்கி சேசிஸ் நம்பரை முதலில் பார்ப்போம், அப்புறம் சக்கரம். மூக்கில் தகடு சுத்தமாக இருந்தால் 32 கொடுக்கலாம் என்று அவர் முன்னாலேயே சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.