தேன்கொடியா, தேனுறிஞ்சியா? லொனிசெரா இனங்கள் இரண்டுக்குப் பெயர்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். ஆங்கிலத்தில் honeysuckle எனப்படும் லொனிசெரா (Lonicera) செடிகளுக்குத் தமிழில் என்ன பெயர் இடலாம் என்ற நம் விவாதத்தில் 'தேனுறிஞ்சி', 'தேன்குழற்கொடி', 'நறவக்கொடி', 'தேன்கொடி' ஆகிய பெயர்கள் வந்துள்ளன.

ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் 'தேனுறிஞ்சி' என வழங்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. 'உறிஞ்சி' என்றதும் தமிழ்ச் செவி உறிஞ்சுகின்ற உயிரையே தேடும்; வெட்சிப் பூவைப் பிடுங்கித் தேன் உறிஞ்சியவர்கள் சிறுவயதில் நாம்தானே தவிர, பூ அன்று. 'தேன்குழற்கொடி' பூவின் நீண்ட குழலைச் சரியாகவே சுட்டுகிறது. ஆனால் திருகோணமலையில் தேன்குழல் என்றால் திருவிழாக் கடைத் தட்டில் பாகு ஊறிக் கிடக்கும் இனிப்புத்தான் நினைவுக்கு வரும். 'நறவக்கொடி' எனக்கு மிகப் பிடித்த சொல்லாயினும், குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய பூக்களுள் நறவமும் ஒன்றாதலால், ஏற்கெனவே உரியவருள்ள பெயரை அயல்நாட்டுச் செடிக்குக் கொடுப்பது முறையன்று.

எஞ்சுவது 'தேன்கொடி'. அதையும் லொனிசெராப் பேரினம் (நெருங்கிய உறவுடைய இனங்களின் தொகுதி) முழுமைக்கும் இடலாகாது. தத்தாரிய லொனிசெரா போன்ற பல இனங்கள் படராமல் நிமிர்ந்து வளரும் புதர்கள். எனவே பேரினத்தை, செருமானியத் தாவரவியலாளர் ஆடம் லொனிசரின் நினைவாகச் சுவீடிய அறிவியலாளர் லின்னேயசு இட்டவாறே, 'லொனிசெரா' என ஒலிபெயர்த்து, சுற்றிப் படரும் இனங்களுக்கு மட்டும் தேன்கொடி என்போம்.

இனி, விவாதத்துக்குரிய இரண்டு இனங்கள். லொனிசெரா யப்பானிக்கா சீனா, கொரியா, யப்பான் ஆகிய நாடுகளுக்குரியது. லொனிசெரா பெரிகிளைமெனம் ஐரோப்பாவுக்குரியது. சீனர் முன்னதைப் 'பொன் வெள்ளிப் பூ' என்பதால் நாமும் அவ்வாறே அழைக்கலாம் என ஒரு நண்பர் எழுதியிருந்தார். வெள்ளையாக விரிந்து மஞ்சளாக மாறுவது ஐரோப்பிய இனத்துக்கும் உள்ள இயல்பாதலால், நிறம் அவற்றைப் பிரித்துக் காட்டாது. (மேலும், எங்கள் வேலிகளில் மாலையில் வெண்மையாக மலர்ந்து பின்னர் சிவக்கும் இரங்கூன் மல்லிகையை ஆங்கிலத்தில் சீனத் தேன்கொடி என்றும் சொல்வதுண்டு. அது முற்றிலும் வேறு குடும்பம்.) கனியின் நிறம் வேறுபடுகிறது: யப்பானிக்காவுக்குக் கருமை, மற்றதற்குச் சிவப்பு. ஆனால் செங்கனி தரும் லொனிசெராக்கள் ஏராளம். பூக்கத் தொடங்கும் காலத்தில் கனியும் இராது.

பூ அமையும் இடமே உறுதியான அடையாளம். யப்பானிக்கா கொடி நெடுகிலும் இலைக்கக்கங்களில் (இலை தண்டோடு சேரும் இடங்களில்) இரண்டிரண்டாகப் பூக்கிறது. பெரிகிளைமெனம் கிளை நுனியில் கொத்தாகப் பூக்கிறது. ஆகவே முன்னதற்கு 'இணைமலர்த் தேன்கொடி', பின்னதற்கு 'நுனிக்கொத்துத் தேன்கொடி' என முன்மொழிகிறேன். லொனிசெரா காப்ரிஃபோலியமும் நுனியில்தானே பூக்கிறது என்று யாரேனும் மறுக்கக்கூடும். அதன் மேலிலைகள் அடியில் ஒன்றிணைந்து தண்டைச் சூழ்ந்திருப்பதால், அதனைக் 'கிண்ணவிலைத் தேன்கொடி' எனத் தனியே பிரித்துவிடலாம்.