டின்ட்டன்ஃபிஷ்னா கடம்பாவா, ஓட்டுக்கணவாவா?

தண்டையார்பேட்டைக்காரி:
நர்சிங் வேலைக்காக ஜெர்மன் ஏ1 கிளாஸ் போயிட்டிருக்கேன். சாப்பாட்டு பேருங்க பாடத்துல 'டின்ட்டன்ஃபிஷ்'னு ஒண்ணு வந்துச்சு. டின்ட்டென்னா இங்க்காம், ஃபிஷ் நமக்கே தெரியும். ஒரு ஆப்ல கடம்பா (ஸ்க்விட்) படம் போட்டிருக்கு, இன்னொண்ணுல ஓட்டுக்கணவா (கட்டில்ஃபிஷ்). எங்க ஆயா காசிமேட்டுல மீன் வெட்றவங்க, ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னா அருவாமனையோட வருவாங்க. எது கரெக்ட்? அப்புறம் நடுவுல அந்த 'ன்' எதுக்கு?

பழைய வண்ணை:
ரெண்டும் கரெக்ட்தாம்மா. கடம்பா, ஓட்டுக்கணவா, ஆக்டோபஸ் எல்லாத்துக்கும் அங்க பொதுப்பேரு அதான், மசி கக்குறதெல்லாம் ஒரே கூடை. பிரிச்சு சொல்லணும்னா கடம்பா கால்மார், ஓட்டுக்கணவா சேப்பியா, ஆக்டோபஸ் கிராக்கெ. டின்ட்டெ லத்தீன் 'டிங்க்டா'லேர்ந்து வந்தது, சாயம் ஏத்துனதுன்னு அர்த்தம். கால்மார் இன்னும் தமாஷ், கிரேக்கத்துல 'கலமோஸ்'னா நாணல், அதை சீவித்தான் அந்தக் காலத்துல எழுதுனாங்க, அதுலேர்ந்து லத்தீன்ல பேனா வைக்கிற கூட்டுக்கு ஒரு பேரு வந்து அதுதான் கால்மார் ஆயிடுச்சு. கடம்பாவை கிளீன் பண்ணசொல்ல உள்ளேர்ந்து கண்ணாடி பேப்பர் மாரி நீட்டா ஒண்ணு உருவி வரும்ல, பேனா கணக்கா இருக்கும், ஆயாவாண்ட கேட்டுப்பாரு. பேனா, இங்க் ரெண்டையும் வயித்துலயே வெச்சிக்கினு சுத்துது.

மின்ட் ரிட்டர்ன்:
'ன்' நம்ம சாரியை மாதிரிதான். புளிக்கும் பழத்துக்கும் நடுவுல 'அம்' வந்து புளியம்பழம் ஆகுதுல்ல, அந்த கதை. அவங்க அதை ஃபூகன்எலமென்ட்னு சொல்வாங்க. பன்மைன்னு நெனச்சிக்காதீங்க, சூரியனுக்கு 'சொன்னெ'ன்னு பேரு, சூரியன் ஒண்ணுதான் ஆனா வெயிலுக்கு 'சொன்னன்ஷைன்'னுதான் சொல்றாங்க. பழைய ஜெர்மன்ல வேற்றுமை உருபா இருந்தது, தனியா வரும்போது உதிர்ந்துடுச்சு, கூட்டுச்சொல்லுல மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
மொதல்ல அது மீனே இல்லயே! முதுகெலும்பு கெடையாது, நத்தை மட்டி ஜாதி. அதனாலயே 'டின்ட்டன்ஷ்னெக்கெ', அதாவது மசி நத்தைன்னும் ஒரு பேரு வெச்சிருக்காங்க. கரெக்டான பேருதான், ஆனா போர்டுல நத்தைன்னு எழுதி வெச்சா எவன் துன்னுவான்? திமிங்கலத்தையே 'வால்ஃபிஷ்'னு கூப்புட்ட ஊரு அது, நாமளும் நட்சத்திர மீனுன்றோம், வுடுங்க.

தண்டையார்பேட்டைக்காரி:
சூப்பர், தேங்க்ஸ். அப்ப ஹோட்டல் மெனுல 'டின்ட்டன்ஃபிஷ்ரிங்கெ'ன்னு போட்டிருந்தா?

பழைய வண்ணை:
கடம்பாவை வளையமா வெட்டி மாவுல பொரிச்சது. தைரியமா ஆர்டர் பண்ணு, காரம் மட்டும் எதிர்பாக்காத.