க்ரூஸ்ல ஒரு நாள்தான், கைடோட ரோம் பாக்க முடியுமா?

கேள்வி: அடுத்த மாசம் அம்மாவோட மெடிட்டரேனியன் க்ரூஸ் போறோம், கப்பல் சிவிட்டாவெக்கியா துறைமுகத்துக்கு காலைல 7 மணிக்கு வந்து சாயங்காலம் 7க்கு கிளம்பிடும், கொலோசியம் வாட்டிகன் ரெண்டும் ஒரே டூர்ல பாக்கலாமா?

பதில்: பாக்கலாங்க, ஆனா துறைமுகத்துல இருந்து ரோம் 70 கிலோமீட்டருக்கு மேல, போக வரவே கிட்டத்தட்ட மூணு மணி நேரம் போயிடும். கப்பல் கம்பெனி டூர்னா பஸ் லேட்டானாலும் பொதுவா கப்பல் வெயிட் பண்ணும், வெளி ஏஜென்ட்னா பண்ணாது, அம்மா கூட இருக்கும்போது ரிஸ்க் வேணாம்.

பதில்: என்ன கிழமைன்னு பாத்தீங்களா? வாட்டிகன் மியூசியம் ஞாயித்துக்கிழமை லீவு, மாசக் கடைசி ஞாயிறு மட்டும் மதியம் வரைக்கும் திறப்பாங்க. வாட்டிகன்ல இருக்கற செயின்ட் பீட்டர்ஸ் சர்ச் உள்ள போகணும்னா தோளும் முட்டியும் மூடியிருக்கணும், அம்மா புடவைன்னா பிரச்சனையே இல்ல.

பதில்: என்னைக் கேட்டா கொலோசியத்த வெளிய நின்னு பாத்துட்டு வாட்டிகனுக்கு நேரம் குடுங்க. அங்க மைக்கேலேஞ்சலோ 1508ல இருந்து 1512 வரைக்கும் வரைஞ்ச சிஸ்டைன் சேப்பல்ங்கற பிரார்த்தனைக் கூடத்தோட விதானத்த அவசரமா பாக்கவே கூடாது. உள்ள பேசக்கூடாது, போட்டோவும் கிடையாது, அதனால கைடு வெளியவே எல்லாம் விளக்கிடுவாரு, அத நல்லா கேட்டுக்கோங்க. அம்மாவுக்கு நடக்க வசதியான ஷூ கண்டிப்பா, ரோம் பூரா கருங்கல் பாவின தெருதான்.